படகில் ஸ்கீயை எங்கே மாட்டுவது: டவரா, தரைக்குழியா, ஓரச்சுவரா, ராடு ஹோல்டரா?

கேட் செய்திருக்கிறோம், மில்லுக்குத் தள்ளுவண்டி செய்திருக்கிறோம், கோழிப்பண்ணைக்குத் தீவனத் தொட்டிகூடச் செய்திருக்கிறோம். படகுக்கு ரேக் வேண்டும் என்று கோயம்புத்தூர் கணபதியில் இருக்கிற எங்கள் பட்டறைக்கு ஒருநாள் ஆள் வரும் என்று மட்டும் நினைத்ததில்லை. வந்தது வேறு யாருமில்லை, என் மச்சினன்தான். போன ஆனியில் ஒரு 18 அடி ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். எதிர் டீக்கடைக்காரர் கையில் கிளாஸோடவே வந்து படகை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத எந்தக் குளத்துல உடப்போறீங்க? உக்கடத்துலயா?" என்று கேட்டார்.

விடுவது வேம்பநாட்டுக் காயலில், கொச்சிப் பக்கம். மச்சினனும் இன்னொருவரும் பங்கு போட்டு வாங்கிய படகு அது. வருகிறவர்களின் காலில் ஸ்கீயை, அதாவது தண்ணீரில் சறுக்கும் நீளப் பலகையை, மாட்டிவிட்டுக் கயிறு கட்டிப் படகால் இழுத்துப் போவதுதான் தொழில். மழைக்காலத்தில் அங்கே வேலை இல்லை என்பதால் படகு அன்னூர்ப் பக்கம் எங்கள் மாமனார் தோட்டத்துச் சாளைக்கு வந்து, புரட்டாசி வரை தேங்காய் மட்டைக்கும் மாட்டுக்கும் நடுவில் கிடக்கும். இந்தத் தடவை சாளைக்குப் போகும் முன் பட்டறைக்கு வந்ததற்குக் காரணம் பின் சீட்டு. ரெக்சின் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. ஸ்கீயின் அடியில் வால் பக்கம் ஒரு அலுமினிய ஃபின் இருக்கும், கிட்டத்தட்ட கத்தி. ஸ்கீகளைச் சீட்டின் மேல் சும்மா போட்டுவைத்து ஓட்டியிருக்கிறார்கள், அலையில் படகு எகிறியபோது அது தன் வேலையைக் காட்டிவிட்டது. சீட்டோடு போனது, அது யாருடைய கெண்டைக்காலாகவும் இருந்திருக்கலாம்.

ஆக, வைக்க வேண்டிய சாமான் இவ்வளவு: பெரியவர்களுக்கான ஸ்கீ இரண்டு ஜோடி, குழந்தைகளுக்கு ஒரு ஜோடி, இரண்டு காலையும் ஒரே அகலப் பலகையில் மாட்டிச் சறுக்குகிற வேக்போர்டு ஒன்று. பெரிய ஜோடி 67 அங்குலம், அதாவது 170 செ.மீ. கால் மாட்டுகிற ரப்பர் பைண்டிங்கோடு தராசில் வைத்தால் ஒரு ஜோடி 7 கிலோவுக்குப் பக்கம் நின்றது. 1922-இல் அமெரிக்காவில் ரால்ஃப் சாமுவேல்சன் என்கிற பையன் முதன்முதலாகத் தண்ணீரில் சறுக்கியபோது காலில் கட்டியிருந்தது 8 அடி நீளப் பைன் பலகை, நுனியை வெந்நீரில் வேகவைத்து வளைத்தது. அதோடு பார்த்தால் இன்றைய ஸ்கீ சின்னதுதான். ஆனால் 18 அடிப் படகில் சீட்டு, ஸ்டியரிங், எஞ்சின் எல்லாம் போக மிச்சமிருக்கிற இடத்தில் ஐந்தரை அடிப் பலகை எங்கே வைத்தாலும் குறுக்கேதான் வரும். 7 கிலோதானே என்றும் நினைக்க முடியாது. அலையில் படகு விழுந்து எழும்போது அதே ஜோடி மூன்று மடங்கு எடையாய் ரேக்கைக் கீழே இழுக்கும்.

முதலில் எல்லாரும் ஆசைப்படுவது டவர் ரேக். படகின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே வளைவாக நிற்கிற குழாய்ச் சட்டம்தான் டவர், அதன் இரண்டு பக்கமும் கிளாம்பு போட்டு முள்கரண்டி மாதிரி ரேக்கை மாட்டிவிடுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். கீழே காலில் எதுவும் இடறாது, கப்பியில் ஏற்றிய மாதிரி எல்லாம் மேலே போய்விடும். துளை போடவே வேண்டாம், கிளாம்பு குழாயைக் கவ்விக்கொள்ளும். டவர் குழாய் 2 அங்குலமா, இரண்டே காலா, இரண்டரையா என்று அளந்து அதற்கேற்ற ரப்பர் உறையோடு வாங்கினால் போதும். உங்கள் படகில் ஏற்கெனவே டவர் இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டியதே இல்லை, அதையே வாங்கி மாட்டுங்கள்.

மச்சினன் படகில் டவர் இல்லை. "ரேக்கோட டவரையும் செஞ்சிரலாமுங்களா மாமா" என்றான். சட்டியைப் பிடிக்கத் துணி வேண்டும் என்று ஜவுளிக்கடை வைக்கிற கதை. டவர் என்றால் படகின் ஓரத்தில் நாலு கால் ஊன்ற வேண்டும், ஒவ்வொரு காலுக்கும் நாலு போல்ட்டு. அப்புறம் மேலே ஏறுகிற எடை. நாலு பலகையும் அதைத் தாங்குகிற இரும்பும் தலைக்கு மேலே இருந்தால் சின்னப் படகு திரும்பும்போது சாய்கிற சாய்வு வேறு மாதிரி இருக்கும். வெயிலும் இருக்கிறது: பைண்டிங் ரப்பர் நாள் முழுக்க மொட்டை வெயிலில் காய்ந்தால் இரண்டு சீசனில் வெடித்துவிடும். அவர்கள் போகிற தோடுகளில், அதாவது கால்வாய்களில், நடைபாலங்கள் தாழ்வு என்பதும் ஒரு கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, டவர் ரேக்கில் பலகையோடு டிரெய்லரை இழுக்கவே கூடாது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற காற்று தெரியும்தானே, லாரியின் தார்ப்பாயையே உரித்து எடுக்கும். அகலமான வேக்போர்டு அங்கே பலகை இல்லை, இறக்கை.

தரைக்குழிதான் எனக்கு மனசுக்குப் பிடித்தது. இந்த வகைப் படகுகளில் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே தரையில் ஒரு மூடி இருக்கும், திறந்தால் நீளமான பெட்டி, ஸ்கீ வைக்கவென்றே கட்டியது. எடை கீழே, வெயில் படாது, யார் காலிலும் படாது, காசும் செலவில்லை. டேப்பை உள்ளே விட்டுப் பார்த்தேன்: 5 அடி 2 அங்குலம். அதற்குப் பின்னால் பெட்ரோல் டேங்க். 67 அங்குல ஸ்கீ ஐந்து அங்குலம் வெளியே நிற்கும். கோணலாக வைத்தாலும் ஒன்றுதான் போகிறது. குழந்தைகள் ஜோடி தாராளமாகப் போயிற்று, அதனால் அதன் பிரச்சினை அன்றைக்கே முடிந்தது. ஆனால் குழிக்குள் ஏற்கெனவே நங்கூரமும் சங்கிலியும் கிடந்தன, ஈரக் கயிறு ஒரு சுருள், யாரோ மறந்த ஒற்றைச் செருப்பு. மூடியைத் திறந்ததும் வந்த வாடை பழைய சாணிக்குழியைத் தோற்கடிக்கும். ஈரப் பலகையை மூடி வைத்தால் பைண்டிங்கில் பூஞ்சை பிடிப்பது உறுதி. படகைச் சாளையில் நிறுத்தும்போது மூடியைத் திறந்துவைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மாமனார் கோழி அதில் அடை படுத்துவிட்டது என்பது பிற்பாடு கேட்ட சேதி.

ஓரச்சுவரில்தான் நான் அடிபட்டேன். விளிம்புக்குக் கீழே, உட்காருகிறவர் முழங்காலுக்கு நேரே, உள்சுவரில் இரண்டு இடத்தில் ரப்பர் வைத்த தாங்கியைத் திருகிவிட்டு ஸ்கீயைப் படுக்கவைத்து வாரால் கட்டுவது. மலிவு. தாங்கி இரண்டும் ஒரு மத்தியான வேலை. காற்றில்லை, பாலம் தட்டாது, தோணித்துறையில் கட்டும்போது வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. குறை என்றால், உட்காருகிறவர்களுக்கு அரை அடி இடம் போகும், முழங்கால் இடிக்கும்.

மாட்டிவிடலாம் என்று முடிவு செய்து, பென்சிலில் குறி போட்டு, டிரில்லை வைத்தேன். உள்சுவர் என்பது வெறும் 3 மி.மீ. ஃபைபர் தோல், அதற்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 25 வருஷமாகச் சுவரில் துளை போடுகிறவன் நான். பிட் உள்ளே போய் லேசாக ஒரு இழுப்பு இழுத்தது, வெளியே எடுத்தால் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் சுருள். அடித்தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்புக்குப் போகிற வயர். நல்லவேளை, பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தோம். ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தால் பெட்ரோல் குழாய். மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். வயரை வெளியே இழுத்து ஒட்டுப் போட்டு, வெப்பத்தில் சுருங்குகிற உறை ஏற்றி, துளையை எபாக்சியால் அடைத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. இந்த வழியை எடுக்கிறவர்கள் முதலில் ஏதாவது ஒரு மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், டிரில் பிட்டில் 10 மி.மீ.க்கு மேல் போகாதபடி டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

அந்த மனநிலையில்தான் நாலாவதுக்கு வந்தேன்: இனி இந்தப் படகில் ஒரு துளையும் போடுவதில்லை, ஏற்கெனவே இருக்கிற துளையைத்தான் பயன்படுத்துவது. பின்பக்கம் இரண்டு ஓர விளிம்பிலும் தூண்டில் கம்பு சொருகுகிற ராடு ஹோல்டர் பக்கத்துக்கு இரண்டு இருந்தது. அதில் குழாயைச் சொருகி நிறுத்துகிற மாதிரி கழற்றி மாட்டும் ரேக் வெளிநாட்டில் விற்கிறார்கள். நமக்கு எதற்கு, பைப் பெண்டிங்கும் ஆர்கான் வெல்டிங்கும் லேத்தும் ஒட்டுக்கா ஒரே கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டு? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ராடுகளை அடுக்கிப் பூட்டியிருப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு நாலு பலகையை நிறுத்தி வைப்பது ஒரு வேலையா என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

குழாய்க்கு எந்த ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏமாறுகிற இடம் இதுதான். வீட்டுக் கைப்பிடிக்கும் ஜன்னலுக்கும் கடையில் 'எஸ்.எஸ்.' என்று கேட்டால் பல நேரம் கையில் கிடைப்பது 202 என்கிற ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய சரக்கு, மாடிப்படிக்குப் போதும், உப்புத் தண்ணீருக்கு ஆகாது. காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல சரக்கு என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், 202-உம் காந்தத்தில் சரியாக ஒட்டாது. 304 ஆற்றுத் தண்ணீருக்கும் ஏரிக்கும் தாராளம். மச்சினன் ஓட்டுவது காயலின் குறுக்கே இருக்கிற தண்ணீர்முக்கம் தடுப்புக்கு வடக்கே, கடல் உப்பு ஏறுகிற பக்கம், அங்கே 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பு குத்திக் குத்திக் குழி பறிப்பது குறையும். சொட்டு மருந்து மாதிரி ரசாயனம் விட்டு நிறம் பார்க்கிற கிட் இருக்கிறது, பில்லை விட அதை நம்பலாம்.

316 வாங்கியும் நான் கோட்டை விட்டது வேறு இடத்தில். பட்டறையில் பக்கத்து மேஜையில் பையன் இரும்பு கேட்டைக் கிரைண்டிங் பண்ணிக்கொண்டிருந்தான். பொறி பறந்து வந்து என் குழாயில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவிட்டது. மூன்றே வாரத்தில் பளபளக்கிற குழாயில் சுண்டைக்காய் அளவு பழுப்புப் புள்ளிகள். துரு பிடித்தது எஸ்.எஸ். இல்லை, அதன்மேல் ஒட்டிய இரும்புத் தூள். எஸ்.எஸ். வேலைக்குக் கிரைண்டிங் வீல், கம்பி பிரஷ் எல்லாம் தனியாக வைக்க வேண்டும், வெல்டிங் ஓரத்தில் வருகிற நீலத்தைப் பிக்ளிங் பேஸ்ட் என்கிற அமிலப் பசை போட்டு எடுத்துவிட வேண்டும். தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் விட்டுவிட்டேன்.

ஹோல்டரின் உள் விட்டம் 42 மி.மீ. கையிலிருந்த குழாய் 38 மி.மீ. நடுவில் ஆடாமலிருக்க நைலான் கட்டையை லேத்தில் 41-க்குக் கடைந்து புஷ் போட்டேன். ஹோல்டர் 30 டிகிரி சாய்ந்திருக்கும், அதைக் கழித்துக் குழாயை வளைக்காவிட்டால் ஸ்கீ மொத்தமும் தண்ணீர்ப் பக்கம் சாயும். முள்கரண்டியின் விரல்கள் கொஞ்சம் மேல்நோக்கி நிற்க வேண்டும், ஸ்கீயின் ஃபின் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், உள்ளே உட்காருகிறவர் பக்கம் திரும்பவே கூடாது. குழாய், நைலான், ஆர்கான் கூலி எல்லாம் சேர்ந்து 11,000 ரூபாய்ச் சொச்சம் ஆயிற்று, என் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, மச்சினன் என்பதால் சேர்க்கவும் முடியாது.

ஐப்பசியில் கொச்சிக்குப் போய்ப் பார்த்தேன். ரேக் அசையவில்லை. அலையில் அடித்துப் போனபோதும் ஸ்கீ இருந்த இடத்திலேயே இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, ஒரு பத்து நிமிஷம். அப்புறம் ஒரு பையன் ஸ்கீ மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்க, படகு இழுத்தது. கயிறு வழக்கமாக 75 அடி, படகின் பின்பக்க நடுவில் கட்டியிருக்கும். கொஞ்சம் பழகினவன் நேராகப் பின்னாலேயே வரமாட்டான், அலையைத் தாண்டிப் பக்கவாட்டில் ஒதுங்குவான். ஒதுங்கினான். கயிறு படகின் பின் மூலையை வழித்துக்கொண்டு வந்தது. அந்த மூலையில் என் ரேக். அவன் திரும்பும்போது கயிறு ஒரு கணம் தொய்ந்து, முள்கரண்டியின் கடைசி விரலில் அழகாக மாட்டிக்கொண்டது. மறுபடி இறுகினால் ரேக் பிடுங்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் ஹோல்டரோடு ஃபைபர் பெயரும், எது நடந்தாலும் அது போகிற வழியில் ஆள் இருப்பான். பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தவர் கத்த, மச்சினன் எஞ்சினைக் குறைத்தான், கயிறு தளர்ந்து விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் திரும்பிக் கரை சேரும் வரை வாயில் எச்சில் இல்லை.

இதை ரேக் விற்கிற யாரும் முதலில் சொல்வதில்லை, நானும் ஸ்கீயின் நீளத்தையும் எடையையும் அளந்தேனே ஒழிய, கயிறு எங்கெல்லாம் போகும் என்று அளக்கவில்லை. மீன் பிடிக்கிறவனுக்குப் பின்மூலை சரியான இடம். ஸ்கீ இழுக்கிற படகில் கயிறு கட்டிய இடத்துக்குப் பின்னாலும் பக்கத்திலும் எதுவுமே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. டவர் ரேக்கிலும் ஒரு தொல்லை உண்டு: அதில் கயிறு மாட்டாது, ஆனால் பின்னால் பார்க்கிறவரின் கண்ணைப் பலகை மறைக்கும். வேண்டுமானால் இழுக்கும்போது ரேக்கைக் கழற்றிக் கீழே படுக்கவைக்கலாம், நாளைக்கு இருபது பேரை ஏற்றி இறக்குகிறவர் ஒவ்வொரு தடவையும் கழற்றுவார் என்று நீங்கள் நம்பினால். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆக, போடவே மாட்டேன் என்று சபதம் எடுத்தவன் கடைசியில் துளை போட்டேன். முன் சீட்டுக்குப் பக்கத்தில், வலது விளிம்பில் மட்டும், இரண்டு ராடு ஹோல்டர் புதிதாக. அங்கே கயிறு வராது, ஓட்டுகிறவர் கண்ணையும் மறைக்காது, தோணித்துறையில் அவர்கள் எப்போதும் இடது பக்கம்தான் கட்டுவார்கள். இந்தத் தடவை கீழே கையை விட்டு ஒரு சாண் ஒரு சாணாகத் தடவிப் பார்த்தேன். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, துளை வெட்டுகிற ரம்பத்தை முதலில் பின்சுற்றில் ஓட்டினேன், அப்படிச் செய்தால் மேலே இருக்கிற ஜெல்கோட் பூச்சு சில்லு சில்லாகப் பெயராது. வெட்டின ஓரத்தில் நடுவே மரம் தெரிந்தது. அதை அப்படியே விட்டால் தண்ணீர் குடித்து ஊறி அழுகும், எபாக்சி இரண்டு கை பூசிக் காயவிட்டேன். அடிப்பக்கம் 10 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பலகை வைத்து, திருகாணி போடாமல் போல்ட்டும் நைலாக் நட்டும். எஸ்.எஸ். நட்டை மெஷினில் வேகமாக ஏற்றினால் பாதி வழியில் கடித்துக்கொள்ளும், கொஞ்சம் கிரீஸ் வைத்துக் கையால் ஏற்ற வேண்டும். சுற்றிலும் பாலியூரித்தேன் சீலன்ட். வீட்டு பாத்ரூமுக்குப் போடுகிற சிலிக்கான் வேண்டாம், அது பிடிப்பும் குறைவு, ஒருதரம் பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது.

கட்டுவதற்குக் கொக்கி வைத்த பங்கி கயிறு வாங்கி வந்திருந்தான். கொக்கி தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும், வெயிலில் ரப்பரும் ஒரு வருஷத்தில் தளர்ந்துவிடும். லாரி டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு வாராக வெட்டிக் கொடுத்தேன். பியூட்டைல் ரப்பர், வெயில் தாங்கும், கொக்கியே இல்லை, போனால் பஞ்சர் கடையில் இன்னொன்று. வெள்ளை ஃபைபரில் கறுப்புத் தடம் விழுகிறது என்பது விருந்தினர்கள் தரப்பில் புகார்.

இப்போது ஏற்பாடு இப்படி இருக்கிறது: பெரிய ஜோடி ஒன்று மட்டும் முன் ரேக்கில், குழந்தைகள் ஜோடி தரைக்குழியில், நங்கூரம் பின்னால் வேறு இடத்துக்குப் போய்விட்டது. இன்னொரு பெரிய ஜோடியும் வேக்போர்டும் கரையிலேயே. தோணித்துறைக் கொட்டகைச் சுவரில் இரண்டு மர முளை அடித்து நிழலில் மாட்டிவைத்திருக்கிறார்கள். எல்லாரும் ஏறி இறங்குவது ஒரே துறையில்தான் என்னும்போது நாலையும் ஏன் சுமக்க வேண்டும் என்று யாருக்கும் முதலில் தோன்றவில்லை, எனக்கும்தான். உங்களுக்கும் கரையிலிருந்தே ஆள் ஏறுகிறார் என்றால் முதல் செலவைச் சுவருக்குச் செய்யுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரிலேயே சுற்றுகிற குடும்பப் படகு, குழியும் ஐந்தரை அடிக்கு மேல் இருக்கிறது என்றால் குழி போதும், வாரம் ஒருதரம் திறந்து காயவிட்டால் சரி. ஓரச்சுவரை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், அது என் கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்கு உறுதியில்லை. நைலான் தண்ணீர் குடித்து உப்பும். அது தெரிந்துதான் சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி விட்டுக் கடைந்தேன். ஒரு சீசன் முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்த பிறகும் ரேக் கையால் கழன்று வருமா, இல்லை சுத்தியல் கேட்குமா என்பது அடுத்த ஆனியில் படகு பட்டறைக்கு வரும்போதுதான் தெரியும். டீக்கடைக்காரர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார், படகு எப்ப வருமுங்க என்று.